100 எம்பிபிஎஸ் இருந்தும் வீடியோ கால் திக்குவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிராட்பேண்ட் விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரே ஓர் எண்தான் பெரிதாகத் தெரியும்: 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்), 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ். அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்கியதும், அடுத்த அறையில் ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வருகிறது. அலுவலக மீட்டிங்கில் இருப்பவரின் முகம் திரையில் உறைந்து நிற்கிறது. புகார் செய்தால், "ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள், வேகம் சரியாகத்தானே வருகிறது" என்பார்கள். அது பொய்யும் இல்லை. வேகம் வருகிறது. பாக்கெட்டுகள் (தகவலைச் சுமந்து வரும் சின்னத் துண்டுகள்) நேரத்துக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கோளாறின் பெயர் பஃபர்புளோட்: ரவுட்டர் போன்ற பெட்டிகளுக்குள் பாக்கெட்டுகள் காத்து நிற்கும் வரிசை அளவுக்கு மீறி நீள்வது. அதன் காரணம் பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும். மருந்தும் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் நம் வீடுகளுக்கு வரும் பெட்டிகளில் பலவற்றில் அது இல்லை, இருந்தாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சேவை நிறுவனங்கள், ஊர் கேபிள் ஆபரேட்டர்கள், ரவுட்டர் தயாரிப்பவர்கள், அரசு டெண்டர் எழுதுபவர்கள் ஆகியோரின் கவனத்துக்கு இது போக வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எந்த இணைப்பிலும் மிகக் குறுகலான ஓர் இடம் இருக்கும். அந்த இடத்துக்கு முன்னால் வந்து சேரும் பாக்கெட்டுகள் உடனே போக முடியாமல், அந்தக் கருவியின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். அந்த நினைவகம்தான் பஃபர். அது இல்லாமல் இணையம் ஓடாது. பத்து இருபது பாக்கெட் ஒரே மூச்சில் வந்தால் தாங்க ஓர் இடம் வேண்டும். தப்பு அதன் அளவில் இருக்கிறது. ரேஷன் கடையில் தராசு ஒன்றே ஒன்று என்றால், காத்திருக்கும் கூடத்தை எத்தனை பெரிதாகக் கட்டினாலும் மணிக்கு இத்தனை பேர் என்ற கணக்கு கூடாது. கடைசியில் நிற்பவர் நிற்கும் நேரம்தான் கூடும்.

கணக்கைப் பாருங்கள். பல ரவுட்டர்களுக்குள் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் ஒரு நெட்வொர்க் இடைமுகத்தின் வரிசைக்கு நெடுங்காலமாக இருந்துவந்த இயல்பான அளவு 1,000 பாக்கெட். ஒரு பாக்கெட் 1,500 பைட் என்றால் மொத்தம் 1.5 மெகாபைட், அதாவது 12 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் கம்பியில் இது காலியாக 0.12 நொடி ஆகும். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 1.2 நொடி. 1 எம்பிபிஎஸ்ஸில் 12 நொடி. பெட்டியும் அதே, வரிசையும் அதே, வேகம் மட்டும்தான் வேறு. ஃபைபர் பெட்டியின் நிலை இன்னும் மோசமாகலாம். 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு 100 மில்லி நொடி தாங்கட்டும் என்று வடிவமைத்தால் 12.5 மெகாபைட் பஃபர் வரும். அதே பெட்டியை 20 எம்பிபிஎஸ் பிளான் வாங்கிய வீட்டில் மாட்டினால், அந்தப் பஃபர் நிறையும்போது 5 நொடி வரிசை. வடிவமைத்த பொறியாளர் பெட்டியின் உச்ச வேகத்துக்குக் கணக்கு போடுகிறார். பெட்டி வாழப்போவது அதில் ஐம்பதில் ஒரு பங்கு வேகத்தில்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 100 கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்ப 1 மில்லி நொடிதான். சென்னையிலிருந்து மும்பை சர்வருக்குப் போய்வர 20, 30 மில்லி நொடி போதும். வீட்டுப் பெட்டிக்குள் 500 மில்லி நொடி வரிசை நின்றால், அந்த சர்வரை 50,000 கிலோமீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான். அருகிலேயே டேட்டா சென்டர் கட்டுவதற்கும் கடலடிக் கேபிள் இழுப்பதற்கும் கோடி கோடியாய்ச் செலவழித்துச் சம்பாதித்த மில்லி நொடிகளை, வீட்டு வாசலில் ஒரு பெட்டி விழுங்கிவிடுகிறது.

வரிசை ஏன் நிறைகிறது? இணையத்தில் பெரிய கோப்புகளைக் கொண்டுபோகும் டிசிபி முறை, பாதை எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டித் தெரிந்துகொண்டு அனுப்புவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும். பாக்கெட் தொலைந்தது தெரிந்தால் குறைக்கும். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 32 கேபிபிஎஸ் இருந்த வேகம் 40 பிபிஎஸ்ஸுக்குச் சரிந்தது. அதற்குப் பிறகு வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிக் கொடுத்த ஒழுங்கு இது. இந்த ஒழுங்கில் தொலைந்த பாக்கெட்தான் எச்சரிக்கை மணி. பஃபர் பெரிதாக இருந்தால் பாக்கெட் தொலைவதே இல்லை, தொலைந்தாலும் பல நொடி கழித்துத்தான். மணி அடிக்காததால் அனுப்புபவர் கூட்டிக்கொண்டே போகிறார். பஃபர் விளிம்புவரை நிறைகிறது, கோப்பு போய் முடியும்வரை நிறைந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் அந்தக் கம்பியில் வரும் வீடியோ கால், யுபிஐ, டிஎன்எஸ் கேள்வி (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடுவது), கேம் எல்லாம் அதே வரிசையின் வாலில் போய் நிற்கின்றன.

யுபிஐ செயலியோ வங்கித் தளமோ திறக்க, பெயரைத் தேட ஒரு சுற்று, டிசிபி கைகுலுக்க ஒரு சுற்று, பாதுகாப்புக்கு ஒரு சுற்று, கேட்டதைப் பெற ஒரு சுற்று என நான்கு முறையாவது போய்வர வேண்டும். சுற்றுக்கு 30 மில்லி நொடி என்றால் 0.12 நொடியில் முடியும். அப்லோட் வரிசை 800 மில்லி நொடி சேர்த்தால் மூன்று நொடியைத் தாண்டும். பக்கம் இன்னும் நான்கு இடங்களிலிருந்து துண்டுகளை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் இதே கதி. அப்லோட் நிறைந்தால் டவுன்லோடும் படுத்துவிடும். வந்து சேர்ந்தது என்று சொல்லும் சின்ன ஒப்புகைப் பாக்கெட்டுகளும் அந்த வரிசையில்தானே மாட்டிக்கொள்கின்றன. தொலைபேசிக் குரலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஒரு நிறைந்த பஃபர் அதைத் தனியாளாகவே பல மடங்கு தாண்டிவிடும்.

எல்லையற்ற நினைவகம் இருந்தாலும் நெரிசல் தீராது என்று ஜான் நேகிள் 1985-லேயே ஆர்எஃப்சி 970 என்ற இணைய நெறி ஆவணத்தில் எழுதினார். 1998-ல் ஆர்எஃப்சி 2309, வரிசையைச் செயலூக்கத்தோடு நிர்வகியுங்கள், அதாவது நிறையும்வரை காத்திராமல் முன்பே சில பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்புபவரை எச்சரியுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அப்போதிருந்த 'ரெட்' முறையைச் சரியாக அமைப்பது கடினம். வரிசையின் நீளத்துக்கு எத்தனை பாக்கெட் எல்லை, எந்த நிகழ்தகவில் கீழே போடுவது என்று இடத்துக்கு இடம் எண்களைத் திருக வேண்டும். தப்பாகத் திருகினால் வேகமும் போகும். ஆகவே பெரும்பாலோர் அதை அணைத்தே வைத்தார்கள். இதற்கிடையில் நினைவகச் சில்லு மலிந்தது. பாக்கெட் தொலைவது அவமானம் என்ற எண்ணம் பொறியாளர்களிடம் ஊறியது. ஸ்பீட் டெஸ்ட் வேகத்தை மட்டும் அளந்தது. மூன்றும் சேர்ந்து பஃபரை ஊத வைத்தன.

2010-ல் பெல் ஆய்வகத்தின் ஜிம் கெட்டிஸ், வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது தாமதம் ஒரு நொடியைத் தாண்டுவதைக் கண்டு தோண்டத் தொடங்கினார். பஃபர்புளோட் என்ற பெயர் அவர் வைத்ததுதான். பின்னர் அவரோடு சேர்ந்து டேவ் டாஹ்ட் தொடங்கிய தன்னார்வத் திட்டம், மலிவான ரவுட்டர்களில் ஒவ்வொரு அடுக்காக வரிசையைத் தேடிப் பிடித்துச் சரிசெய்தது. டாஹ்ட் 2025 ஏப்ரலில் காலமானார். இன்று லினக்ஸிலும், ரவுட்டர்களுக்கான இலவச இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டியிலும் நாம் இலவசமாகப் பயன்படுத்தும் தீர்வுகளில் அவருடைய பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயரைத் தமிழில் ஒரு முறையாவது அச்சில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

தீர்வின் மையம் எளிது. வரிசையின் நீளத்தை அளக்காதே, பாக்கெட் உள்ளே நின்ற நேரத்தை அள. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட கோடெல் முறை இதைத்தான் செய்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேர முத்திரை. வெளியே போகும்போது எத்தனை மில்லி நொடி நின்றது என்ற கணக்கு. திடீரென்று ஒரு கொத்து வந்து உடனே கலைந்தால் அது நல்ல வரிசை, தொட வேண்டாம். 100 மில்லி நொடி முழுக்க காத்திருப்பு 5 மில்லி நொடிக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை என்றால் அது தேங்கிய வரிசை. அப்போது ஒரு பாக்கெட்டைக் கீழே போடும். பிறகும் குறையாவிட்டால் இடைவெளியைச் சுருக்கிச் சுருக்கி அடுத்தடுத்துப் போடும். இரு முனைகளும் இசிஎன் (நெரிசலைக் குறி வைத்துச் சொல்லும் முறை) பேசினால் போடவே வேண்டாம், ஒரு குறி வைத்தால் போதும். 10 எம்பிபிஎஸ் ஆனாலும் 100 எம்பிபிஎஸ் ஆனாலும் நேரம் நேரம்தான். ரெட் முறையில் வேண்டியிருந்த திருகாணி இதில் வேண்டாம்.

எரிக் டுமாசே இதோடு இன்னொன்றைச் சேர்த்து லினக்ஸ் 3.5-ல் எஃப்க்யூ-கோடெல் ஆக்கினார். ஒரே வரிசைக்குப் பதில் 1,024 சின்ன வரிசைகள். ஒவ்வொரு இணைப்பும் தன் வரிசையில் நிற்கும், முறை வைத்து அனுப்பப்படும். எப்போதாவது ஒரு பாக்கெட் அனுப்பும் டிஎன்எஸ், குரல், கேம் போன்றவை கூட்டத்துக்குப் பின்னால் நிற்காமல் உடனே போய்விடும். இதற்கு எந்தச் செயலிக்கும் முன்னுரிமைப் பட்டியல் எழுதத் தேவையில்லை. 2018-ல் இது ஆர்எஃப்சி 8290 ஆனது. அதே ஆண்டு லினக்ஸ் 4.19-ல் வந்த கேக் என்ற முறை, வேக வரம்பையும் இதையும் ஒரே இடத்தில் தருகிறது. ஒரு வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் சம பங்கு என்றும் பிரிக்கிறது. இருபது இணைப்பு திறக்கும் டவுன்லோட் செயலி, ஒரே இணைப்பில் இருக்கும் பாட்டியின் வீடியோ காலை நசுக்க முடியாது.

பலன் உண்மையா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. கோவிட் காலத்தில் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனத்திடம் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரு வகை மோடம்கள் வீடுகளில் இருந்தன. ஒன்றில் பை என்ற வரிசை நிர்வாக முறை இயங்கியது, மற்றதில் இல்லை. 2021-ல் வெளியிட்ட அளவீடுகளில், அப்லோட் நிறைந்தபோது இல்லாத மோடமில் சுமார் 250 மில்லி நொடி தாமதம். இருந்த மோடமில் 15 முதல் 30. கம்பி அதே, பிளான் அதே, மென்பொருளில் ஓர் அமைப்பு மட்டும் வேறு.

சரி, நம் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் லேப்டாப்பை ரவுட்டரோடு லேன் கேபிளால் இணைக்கவும். வைஃபையில் அளந்தால் எந்த வரிசையைப் பார்க்கிறோம் என்று தெரியாது. 8.8.8.8 என்ற முகவரிக்கு நிற்காமல் பிங் (ஒரு சின்னப் பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, ஒரு நிமிடம் சும்மா இருக்கும்போது வரும் மில்லி நொடியைக் குறிக்கவும். பிறகு ஒரு பெரிய கோப்பை ஏற்றவும், குறைந்தது முப்பது நொடி. பிங் 10-லிருந்து 25-க்கு ஏறினால் நல்ல இணைப்பு. 100 கூடினால் வீடியோ காலில் தெரியும். 200-க்கு மேல் கூடினால் அது கோளாறு, சந்தேகமே இல்லை. டவுன்லோடுக்கும் தனியே இதையே செய்யவும். இரண்டுக்கும் வரிசை வேறு வேறு கருவிகளில் இருக்கும். கை வேலை வேண்டாம் என்றால் ஊக்லா ஸ்பீட்டெஸ்ட், கிளவுட்ஃபிளேர், ஃபாஸ்ட் டாட் காம் ஆகியவையே இப்போது சுமையில் இருக்கும்போது வரும் தாமதத்தையும் காட்டுகின்றன. ஃபாஸ்ட் தளத்தில் கூடுதல் விவரம் என்ற பொத்தானை அழுத்தினால்தான் தெரியும். மேக் கணினியில் நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று போய்வர முடிகிறது என்று சொல்லும். 60 என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு நொடி, மிக மோசம். 1,000 என்றால் 60 மில்லி நொடி.

கோளாறு உறுதியானால், வேகமான பிளானுக்கு மாறுவது முதல் யோசனையாக இருக்கக் கூடாது. வரிசை சீக்கிரம் காலியாகும் என்பதால் கொஞ்சம் குறையும், ஆனால் பெரிய கோப்பு ஓடும்வரை வரிசை இருக்கத்தான் செய்யும். 'கேமிங் ரவுட்டர்' என்று விற்பதில் இருக்கும் முன்னுரிமை வசதியும் பல நேரம் உதவாது. வரிசை அந்த ரவுட்டரில் இல்லாமல் அதற்கு அடுத்த ஃபைபர் பெட்டியிலோ நிறுவனத்தின் கருவியிலோ இருக்கும்போது, இங்கே முன்னுரிமை கொடுத்து என்ன பயன்?

வரிசையை நம் கையில் இருக்கும் கருவிக்கு இழுத்துவர வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி ஏற்கும் ரவுட்டர் இருந்தால் அதில் எஸ்க்யூஎம் என்ற வரிசை நிர்வாகத் தொகுப்பை நிறுவி, வெளிப்பக்கம் போகும் இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, அளந்து கிடைத்த வேகத்தில் 90 விழுக்காட்டை டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் எழுதவும். வரிசை முறைக்கு கேக். பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) உள்ள ஃபைபர் இணைப்புக்கு ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் கூடுதல் சுமை) 44 பைட் என்று வைத்தால் பாதுகாப்பு. பிங் சோதனையை மறுபடி ஓட்டி, தாமதம் ஏறாதவரை வேகத்தை 2, 3 விழுக்காடாகக் கூட்டவும். ஏறத் தொடங்கியதும் ஒரு படி இறங்கவும். முழு வேகத்தை எழுதினால் குறுகலான இடம் மறுபடி பழைய பெட்டிக்கே போய்விடும், பலன் பூஜ்யம். ஸ்பீட் டெஸ்டில் 100-க்குப் பதில் 92 காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த 8 எம்பிபிஎஸ் கொடுத்து வாங்கியது நேரம்.

இதில் தவறு நேரும் இடங்கள் உண்டு. ரவுட்டரில் ஹார்டுவேர் ஆஃப்லோட் (சிபியுவுக்குப் பதில் தனிச் சில்லே பாக்கெட்டுகளை அனுப்பும் வசதி) இயங்கினால் பாக்கெட்டுகள் இந்த வரிசையைத் தொடாமலே குறுக்கே போய்விடும், அதை அணைக்க வேண்டும். அணைத்தால் வேலை முழுக்க சிபியு மேல் விழும். ஒற்றைக் கோர் கொண்ட பழைய மலிவு ரவுட்டர்கள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கே திணறும். அப்படியானால் அப்லோடை மட்டும் கட்டுப்படுத்துங்கள். அப்லோட் குறைவாக உள்ள பிளான்களில் நோயின் பெரும்பகுதி அங்கேதான். உங்கள் ரவுட்டரே இணைப்பை எடுக்கும்படி, ஃபைபர் பெட்டியை வெறுமனே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லும்போது பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல்லோடு விலேன் எண்ணையும் (கம்பியில் இணைய ஓட்டத்தை அடையாளம் காட்ட நிறுவனம் தரும் எண்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஓர் எண் இல்லாமல் இணைப்பு மேலே வராது. 4ஜி, 5ஜி வீட்டு இணைப்பில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் நிலையான எண் எழுதி வைப்பது சரிவராது. பிங்கைக் கவனித்து வரம்பைத் தானே ஏற்றி இறக்கும் கேக்-ஆட்டோரேட் என்ற நிரல் ஓரளவு காப்பாற்றும். முழுத் தீர்வு கோபுரத்திலும் மோடம் சில்லிலும்தான் வர வேண்டும்.

வைஃபை தனிக் கதை, அதுதான் இனி பெரிய கதை. பிளான் 300 எம்பிபிஎஸ் ஆனபின் குறுகலான இடம் தெருவில் இல்லை. இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் இருக்கிறது. அங்கே வைஃபை 20 எம்பிபிஎஸ்தான் தருகிறது என்றால் வரிசை வைஃபை சில்லின் உள்ளே நிற்கும், மேலே சொன்ன எஸ்க்யூஎம் அதைத் தொடாது. போதாக்குறைக்கு, தொலைவில் இருக்கும் மெதுவான ஒரு கைப்பேசி காற்றலையில் நெடுநேரம் எடுத்துக்கொண்டு எல்லோரையும் காக்க வைக்கும். டோக்கே ஹோய்லாண்ட்-யோர்கென்சன் குழு 2017-ல் இதற்கான தீர்வை வெளியிட்டது. கருவிக்கு ஒரு வரிசை, காற்றலை நேரத்தைச் சமமாகப் பங்கிடுதல், அதற்குள் எஃப்க்யூ-கோடெல். லினக்ஸின் வைஃபை அடுக்கிலேயே இது சேர்ந்துவிட்டது. ஆனால் ரவுட்டர் தயாரிப்பாளர்கள் சில்லு நிறுவனம் கொடுத்த பழைய கர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) மூடிய டிரைவரையும் வைத்தே பெட்டிகளை வெளியிடுகிறார்கள். வைஃபை 6, வைஃபை 7 என்று அட்டைப்பெட்டியில் அச்சிடுபவர்கள், உள்ளே ஓடும் கர்னலின் வயதை அச்சிடுவதில்லை. வாங்குபவர் இப்போதைக்குச் செய்யக்கூடியது, மேசைக் கணினியையும் டிவியையும் கேபிளில் மாட்டிக் காற்றலையை மற்றவர்களுக்கு விடுவது.

ஊர் கேபிள் ஆபரேட்டர்களும் சிறிய சேவை நிறுவனங்களும் இதில் செய்யக்கூடியது மிக அதிகம், செலவு மிகக் குறைவு. வாடிக்கையாளரின் டவுன்லோட் வரிசை அவர்கள் கருவியில்தான் நிற்கிறது. மைக்ரோடிக் ரவுட்டர்களைப் பயன்படுத்துபவர்கள் பலர். அதில் வாடிக்கையாளருக்கு வேக வரம்பு வைக்கும் சிம்பிள் க்யூவின் இயல்பு அமைப்பு 10 பாக்கெட் கொண்ட எளிய வரிசை. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு, 30 மில்லி நொடி தூர சர்வரோடு, பாதையில் 375 கிலோபைட் மிதக்க வேண்டும். 10 பாக்கெட் என்பது 15 கிலோபைட். ஸ்பீட் டெஸ்டில் வேகம் வராது, வாடிக்கையாளர் சத்தம் போடுவார். உடனே அதை 1,000 பாக்கெட்டாக உயர்த்தினால் வேகம் வரும், 10 எம்பிபிஎஸ் பிளான்காரருக்கு ஒரு நொடிக்கு மேல் தாமதமும் வரும். எண்ணிக்கையில் இதற்குச் சரியான விடை கிடையாது. மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-ல் எஃப்க்யூ-கோடெலும் கேக்கும் இருக்கின்றன. புதிய க்யூ வகை ஒன்றை உருவாக்கி பிபிபி புரொஃபைலில் அதைக் குறித்தால், அடுத்த முறை இணையும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தானாக அமலாகும்.

கவனிக்க வேண்டியவை: ஃபாஸ்ட்டிராக் விதி இருந்தால் அந்த இணைப்புகள் சிம்பிள் க்யூவைத் தாண்டிப் போய்விடும், விலக்க வேண்டும். எஃப்க்யூ-கோடெலின் நினைவக வரம்பு ஒரு வரிசைக்கு 32 மெகாபைட் என்று இயல்பாக இருக்கும். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள சின்னக் கருவியில் அதை 4 மெகாபைட்டுக்குக் குறைப்பது நல்லது. 1 எம்பிபிஎஸ் போன்ற மெதுவான இணைப்பில் ஒரே ஒரு பாக்கெட் போகவே 12 மில்லி நொடி ஆவதால், 5 மில்லி நொடி இலக்கை 15, 20 ஆக உயர்த்த வேண்டும். கேக் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ளவர்களுக்கு லிப்ரேக்யூஓஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு சாதாரண சர்வரை மைய ரவுட்டருக்கும் வாடிக்கையாளர் பக்கத்துக்கும் இடையே பாலமாக வைத்தால், ஒவ்வொருவருக்கும் தனி கேக் வரிசை கொடுத்து, யாருக்கு எத்தனை மில்லி நொடி என்பதையும் திரையில் காட்டும். பஃபரைத் திருத்திய ஆபரேட்டருக்கு "நெட் ஸ்லோ" என்ற தொலைபேசி அழைப்புகள் குறையும். அந்தப் புகார்களில் பல வேகத்தைப் பற்றியவையே அல்ல.

பெரிய நிறுவனங்கள், அனுப்பும் பக்கமே திருந்திவிட்டதே என்று சொல்லக்கூடும். கூகுள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர், பாக்கெட் தொலைவதற்குக் காத்திராமல் பாதையின் கொள்ளளவை அளந்து அனுப்புகிறது, உண்மைதான். ஆனால் அதே கம்பியில் பழைய முறையில் ஒரே ஒரு அப்லோட் ஓடினாலும் அது வரிசையை நிரப்பிவிடும், பிபிஆரும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். 2023 ஜனவரியில் வந்த எல்4எஸ் நெறிகள் தாமதத்தை இன்னும் கீழே கொண்டுபோகும் நோக்கம் கொண்டவை. அவற்றுக்கும் குறுகலான இடத்தில் அறிவுள்ள வரிசை தேவை. எந்த வழியில் போனாலும் அந்தப் பெட்டியைத் திருத்தாமல் முடியாது.

அடுத்தது ஒழுங்குமுறை. இந்தியாவில் பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வரையறை 2023-ல் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்ந்தது. வரையறையில் இருப்பது வேகம் மட்டுமே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 சேவைத் தர விதிமுறைகளில் தாமதத்துக்கும் இடம் இருப்பது வரவேற்க வேண்டியது. அதை ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும். காலியாகக் கிடக்கும் கம்பியில் எடுத்த தாமதம் தூரத்தைத்தான் சொல்லும், பெட்டிகளின் தரத்தைச் சொல்லாது. வாடிக்கையாளரின் பிளான் வேகம் அப்லோடிலும் டவுன்லோடிலும் முழுக்க நிறைந்திருக்கும்போது வரும் தாமதத்தைத் தனியே அளந்து, நிறுவனவாரியாக வெளியிடும்படி டிராயைக் கேட்டுக்கொள்கிறோம். அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் விற்கும் ஒவ்வொரு பிளானுக்கும் விலை, வேகத்தோடு வழக்கமான தாமதத்தையும் அச்சிட்ட ஓர் அட்டை கட்டாயம். இங்கேயும் விளம்பரத்தில் எம்பிபிஎஸ்ஸுக்கு அருகில் இரண்டாவது எண் வரட்டும். தொலைத்தொடர்புப் பொறியியல் மையம், கட்டாயச் சான்றிதழுக்கு வரும் ஃபைபர் பெட்டிகளையும் வைஃபை ரவுட்டர்களையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம். அதற்கு ஆய்வகத்தில் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு கணினியும் ஃபிளென்ட் என்ற இலவச சோதனை மென்பொருளும் போதும்.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையில் இணைக்கும் பாரத்நெட் பணியை டான்ஃபிநெட் நிறுவனம் செய்துவருகிறது. ஊராட்சி அலுவலகம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை ஒரே இணைப்பைப் பங்கிடும் இடங்களில்தான் வரிசையின் வலி அதிகம். ஒருவர் ஆவணங்களை ஏற்றும்போது மருத்துவரின் வீடியோ ஆலோசனை நின்றுபோகக் கூடாது. அங்கு வாங்கப்படும் கருவிகளுக்கான டெண்டரில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: "கருவி ஆர்எஃப்சி 7567 பரிந்துரைப்படி செயலூக்கமான வரிசை நிர்வாகம் கொண்டிருக்க வேண்டும். அது தொழிற்சாலை அமைப்பிலேயே இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். 10, 50, 100 எம்பிபிஎஸ் வேக வரம்புகளில், இரு திசையிலும் நான்கு டிசிபி இணைப்புகள் 60 நொடி ஓடும்போது, கருவியால் கூடும் தாமதம் 30 மில்லி நொடியைத் தாண்டக் கூடாது. கேபிள் வழியாகவும் வைஃபை வழியாகவும் தனித்தனியே சோதிக்கப்படும்." 'தொழிற்சாலை அமைப்பிலேயே' என்ற சொற்களை யார் கேட்டும் நீக்க வேண்டாம். வசதி உள்ளே இருந்தும் யாரும் தட்டாத பட்டியல் ஒன்றில் ஒளிந்து கிடப்பதுதான் இன்றைய நிலை.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ரவுட்டரையோ பிராட்பேண்ட் பிளானையோ ஒப்பிட்டு எழுதும்போது, வேகத்தோடு சுமையில் இருக்கும்போது வரும் தாமதத்தையும் அப்லோட், டவுன்லோட் இரண்டுக்கும் அளந்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்தக் கேபிளில், எந்தச் சோதனைத் தளத்தில், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் சேர்த்து அச்சிட்டால் வாசகர்கள் தங்கள் வீட்டில் அதையே செய்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
வீட்டு இணைய இணைப்புகளையும் சிறு நிறுவன வலையமைப்புகளையும் அமைத்துப் பராமரிக்கும் பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.